ஆறு மேசைக்கும் ஒரே கை

ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கூடம் திறக்கிறபோது நீங்கள் இரண்டு பேரும் புது நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவீர்கள். முதல் பக்கத்தில் பேர் எழுதித் தரச் சொல்வீர்கள். நான் அம்மாவிடம் அனுப்பிவிடுவேன். வீட்டுக்குக் கடைக்கால் போட்ட அன்றைக்கு மேஸ்திரி முதல் செங்கல்லை என் கையில் கொடுத்தார். அதையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வண்டி வாங்கியபோதும் சாவியை முதலில் திருப்பியது அம்மாதான். பெரியவள் ஒருநாள் கேட்டாள், "உன் கைக்கு இன்னாப்பா ஆச்சி?" என்று. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், இனி மழுப்ப முடியாது. நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியனும் படித்தவன். நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

1991. ஸ்ரீபெரும்புதூர் பெயர் எல்லாப் பேப்பரிலும் வந்த வருஷம். நான் சொல்லப்போவது அந்த மே மாதத்து விஷயம் இல்லை. அதற்குச் சில மாதம் கழித்து, ஒரு கம்பெனி ஆபீஸ் அறைக்குள் நடந்தது. எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், அப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் மல்லாட்டைக் கொல்லையும் சவுக்குத் தோப்பும்தான். நடுவில் எங்கள் கம்பெனி. வண்டிகளில் அதிர்வு தாங்குகிற சின்ன ரப்பர் வளையம், ரப்பர் புஷ், செய்வோம். வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் போவேன். ஏ.சி.யும் ஜெனரேட்டரும் பார்க்கத்தான் என்னை எடுத்தார்கள். ஆபீஸில் ஆறு கம்ப்யூட்டர் இருந்தது. ஆறு மேசை, ஆறு ஃப்ளாப்பி டப்பா, ஆறு கணக்கு. ஒரே புஷ்ஷுக்கு ஸ்டோர்ஸில் ஒரு எண்ணிக்கை, டெஸ்பாட்சில் ஒரு எண்ணிக்கை, பர்ச்சேஸில் இன்னொன்று. யார் சொல்வது சரி என்று பார்க்க கோடவுனுக்குப் போய் மூட்டையைப் பிரித்து எண்ணுவார்கள்.

இதை ஒழுங்கு பண்ண மெட்ராஸிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். சிஸ்டம்ஸ் ஆபீசர் என்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் வருவார். முதல் வேலையாக ஆறு கம்ப்யூட்டரிலிருந்தும் ஃப்ளாப்பி போடுகிற பாகத்தைக் கழற்றச் சொன்னார். ஸ்க்ரூ டிரைவரோடு கழற்றியது நான். "இனிமே எதுவும் மேசையில இருக்காது. எல்லாம் ஒரே இடத்தில. சர்வர் குடுத்தாதான் மிஷின் கண்ணே தொறக்கும்" என்றார். ஒரு சின்ன அறைக்கு ஏ.சி. வைத்து அதில் சர்வரை உட்கார வைத்தோம். அதிலிருந்து ஒரே ஒரு கருப்பு ஒயர் கிளம்பி மேசை மேசையாக ஆறையும் தொட்டுக்கொண்டு போகும். ஒயரின் இரண்டு முனையிலும் விரல் நுனி அளவில் ஒரு மூடி. அந்த மூடி ஒன்று லூசானாலும் மொத்த ஒயரும் செத்துப்போகும், ஆறு மிஷினும் குருடாகிவிடும். ஒயர் சமாச்சாரம் என்பதால் என்னையே அதற்குப் போட்டார். சர்வரின் பெரிய பாஸ்வேர்டை என் காதில் சொன்னார். "உன்னை நம்பித்தாம்பா மெட்ராஸுக்குப் போறேன்" என்றார். ஆறு மாதம் ப்ரொபேஷன். அது முடிந்தால் பர்மனன்ட்.

இந்த ஆறு மாதத்தில்தான் உங்கள் அம்மாவைப் பேசி முடித்தார்கள். பெண் வீட்டில் கேட்டது ஒரே கேள்வி. வேலை பர்மனன்டா?

ஸ்டோர்ஸில் ஒரு அக்கா இருந்தார்கள். மணிமங்கலம் பக்கம், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். கம்பெனி ஒரே ஒரு ஷெட்டாக இருந்த காலத்திலிருந்து வேலை பார்க்கிறவர். வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்து, கால் உடைந்து வீட்டோடு கிடந்தார். வீடு மொத்தமும் அக்காவின் இந்த வேலையில்தான் நின்றது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த அக்காவுக்குக் கைராசி என்று ஒரு பேர். புஷ் வார்க்கிற புது மோல்டு வந்தால் முதல் புஷ்ஷை அவர்கள்தான் பிரித்தெடுக்க வேண்டும். லாரியில் முதல் பெட்டி அவர்கள் தொட்ட பிறகுதான் ஏறும். டெஸ்பாட்ச் கிளார்க், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், நெற்றி நிறைய விபூதியோடு வந்து, "யக்கா, ஒரு தொடு தொட்டுட்டுப் போ" என்பார். அக்கா சிரிப்பார்கள். "ஏன்யா, கோயிலுக்குப் போறது நீ, கை மட்டும் என்னுதா?"

புது ஏற்பாடு தொடங்குகிற அன்றைக்குக் கற்பூரம் காட்டினோம். ஆபீசர் ஆறு பேருக்கும் ஆறு பெயர், ஆறு பாஸ்வேர்ட் கொடுத்து, ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். என் பெயரில் நடப்பதற்கு நானே பொறுப்பு, பாஸ்வேர்டை யாருக்கும் தரமாட்டேன் என்று அதில் இருந்தது. பிறகு மிஷினைப் போட்டார்கள். ஒன்றும் வரவில்லை. டெஸ்பாட்ச் அண்ணன் இரண்டு தடவை அணைத்துப் போட்டார். பர்ச்சேஸில் போட்டார்கள். ஆறும் குருடு. எனக்கு வேர்த்துவிட்டது.

"அக்காவக் கூப்புடுங்கப்பா, இதுங்களுக்கு ராசி தெரில" என்றார் அண்ணன்.

அக்கா வந்து டெஸ்பாட்ச் மேசையில் உட்கார்ந்தார்கள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மிஷினை அணைத்துப் போட்டார்கள். வந்துவிட்டது. தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்கள். மிஷின் கண் திறந்தது. ஆபீஸே கை தட்டியது. ஆபீசரும் சிரித்துவிட்டார்.

"என் மிசினையும் ஒரு தட்டு தட்டுக்கா."

"எனக்கும்கா."

அக்கா ஆறு மேசைக்கும் போய், தனக்குத் தெரிந்த ஒரே பெயரை, தன் பெயரை, தட்டிவிட்டு வந்தார்கள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் டெஸ்பாட்ச் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். ஒயரின் கடைசி மூடி லூசாக இருந்தது. நான் சரியாகத் திருகவில்லை. அக்கா நாற்காலியை இழுத்தபோது அதன் கால் மூடியில் இடித்து அழுத்தியிருக்கிறது. அவ்வளவுதான் கைராசி. ஒரு சுற்று சுற்றி இறுக்கினேன். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதல் நாளே என் வேலை லட்சணம் தெரிந்துவிடும். அக்காவுக்கு ஒரு நல்ல பேர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

அது வழக்கமாகிப்போனது. தினம் காலையில் மணிமங்கலம் பஸ் வந்து அக்கா இறங்கி, பையை வைத்துவிட்டு, டீ வருவதற்குள் ஆறு மேசையையும் சுற்றி வருவார்கள். ஆறிலும் தன் பெயரைத் தட்டுவார்கள். பிறகு அவரவர் வேலையை அவரவர் பார்ப்பார்கள், அக்கா பெயரிலேயே. தங்கள் பாஸ்வேர்டை எழுதி வைத்த சீட்டை எல்லோரும் தொலைத்துவிட்டார்கள். ஆபீசர் வருகிற நாளில் மட்டும் சொந்தப் பெயரில் போடுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அவரு வர அன்னிக்குத்தான் மிசின் நிக்கக் கூடாது. அன்னிக்குப் போய் ராசிய மாத்தச் சொல்றியே" என்றார் அண்ணன். ஆபீசரும் மேசைப் பக்கம் வரமாட்டார். சர்வர் அறை, மேனேஜர் அறை, அப்படியே கார்.

ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. அக்காவின் பெயருக்கு ஸ்டோர்ஸ் ஃபைல் மட்டும்தான் திறக்கும். மற்றவர்கள் தங்கள் ஃபைலைத் திறந்தால் முடியாது என்று வரும். அக்கா என்னிடம் வந்தார்கள்.

"தம்பி, என் பேர்ல போட்டா டெஸ்பாட்ச் வரலியாமே. எல்லாம் வர மாதிரி எதனா பண்ணுடா. காலையிலேருந்து என் உயிர எடுக்கறானுங்க."

"ஆபீசர கேக்கணும்கா."

"அவர கேட்டா ஆறு பேரும் திரும்பக் கையெழுத்துப் போடணும். நீயே செய்யேன். நீதானே இங்க கம்ப்யூட்டர் முதலாளி."

செய்தேன். பெரிய பாஸ்வேர்டைப் போட்டு, ஆறு ஃபைலையும் திறக்கவும் எழுதவும் அழிக்கவும் அக்கா பெயருக்கு உரிமை கொடுத்தேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. ஆறு பேர் மறந்துபோன பாஸ்வேர்டுக்குப் பதில் சொல்கிற வேலை இல்லை. கம்பெனியில் முதலாளி என்று என்னை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது மாதம் ஒருநாள், எல்லோரும் கேன்டீனுக்குக் கிளம்புகிற நேரம், சர்வரில் இடம் இல்லை என்று எல்லா மிஷினிலும் வந்தது. மெட்ராஸுக்குப் போன் போட்டேன். சர்வர் அறையில் போன் கிடையாது. போன் இருந்தது டெஸ்பாட்ச் மேசையில். ஒரு காதில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு, ஆபீசர் சொல்லச் சொல்லக் கேட்டேன். பழைய ரிப்போர்ட்டுகள் மலைபோல் சேர்ந்திருக்கிறது, ரிப்போர்ட் இருக்கிற இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் அழித்துவிடு, சர்வர் ரூமிலிருந்து செய், செய்துவிட்டுச் சொல் என்றார்.

சர்வர் அறைக்குப் போவதென்றால் கூடத்தைத் தாண்டி, சாவி வாங்கி, செருப்பைக் கழற்றி வெளியே விட்டு, திரும்பப் போனுக்கு ஓடி வர வேண்டும். என் முன்னாலேயே மிஷின் திறந்திருக்கிறது. அக்கா பெயர். எல்லா உரிமையும் இருக்கிற பெயர், நானே கொடுத்தது. அங்கேயே தட்டினேன். கடைசியாக அந்த மிஷினில் யாரோ ஸ்டோர்ஸ் ஃபைலைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் விட்டுப் போயிருந்தார்கள். நான் இருக்கிற இடத்தைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அழி என்று தட்டினேன். நிச்சயமா என்று கேட்டது.

"சார், ஷ்யூரான்னு கேக்குது."

"யெஸ் குடுய்யா, சாப்பாட்டு டயம்."

கொடுத்தேன்.

என்ன மிச்சம் என்று பார்க்கத் தட்டினபோது ஸ்டோர்ஸ் என்று மேலே இருந்தது. கீழே ஒன்றுமில்லை. கம்பெனியில் இருக்கிற ஒவ்வொரு புஷ், ஒவ்வொரு மோல்டு, ஒவ்வொரு ரப்பர் ரோல், எல்லாவற்றின் எண்ணிக்கையும் அதில்தான் இருந்தது. போனில் ஆபீசர், "ஆச்சா?" என்றார். "ஆச்சு சார்" என்றேன். ரிசீவரை வைத்தேன். பிறகு சர்வர் அறைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, நிதானமாக, அவர் சொன்ன பழைய ரிப்போர்ட்டுகளை அழித்தேன். சொன்னதைச் சொன்ன இடத்திலிருந்து செய்ததாக ஆகிவிட்டது. அதை அழித்ததும் வேறு வேலைகள் அந்த இடத்தில் வந்து நிரம்பின. அழிந்ததை மீட்டெடுக்கிற வழியும் அதோடு போனது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பேனோ என்று சந்தேகம் உண்டு.

பத்து நாளைக்கு முன் சர்வர் கணக்கை நகல் எடுத்து வைத்த டேப் ஒன்று இருந்தது. நடுவில் ஒரு டேப் எடுத்திருக்க வேண்டும், அதையும் நான் எடுக்கவில்லை. லைனை நிறுத்தி மூன்று நாள் கோடவுனில் மூட்டை மூட்டையாகப் பிரித்து எண்ணினார்கள். ஷிப்ட் ஆட்கள் எங்களைத் திட்டிக்கொண்டே எண்ணினார்கள். "ஃப்ளாப்பி டப்பா இருந்தப்பகூட இப்படி மொத்தமா போனதில்லடா" என்றான் ஒருவன். அது உண்மை.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சர்வர் வைத்திருந்த குறிப்பை ஆபீசர் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தது நான்தான். பத்து மணிக்கு ஸ்டாக் ரிப்போர்ட் ஒழுங்காக வந்திருக்கிறது, இரண்டு மணிக்கு ஃபைல் இல்லை. இடையில் சர்வருக்குள் இருந்தது இரண்டு பெயர். ஒன்று சர்வர் அறையில் நான். இன்னொன்று ஆறு மேசையிலும் அக்கா.

"ஆறு மிஷின்லயும் ஒரே ஆளா?" என்றார் ஆபீசர். மற்ற ஐந்து பேரையும் வரிசையாகக் கூப்பிட்டார். எல்லோரும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். அக்கா பெயரில் வேலை செய்தோம் என்று ஒருவர் சொன்னாலும் ஐந்து பேர் வேலையும் ஆடும். டெஸ்பாட்ச் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குக் கம்ப்யூட்டர் அவ்ளோ தெரியாது சார். அக்காதான் போட்டுக் குடுப்பாங்க" என்றார். பொய் இல்லை. ஆனால் அது போதுமாக இருந்தது.

என் முறை வந்தது.

"இந்தம்மா பேருக்கு எல்லா ரைட்ஸும் எப்படி வந்தது?"

"அக்கா கேட்டாங்க சார்."

இதுவும் பொய் இல்லை. அக்கா என்னைப் பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தார்கள்.

"நீ ரிப்போர்ட் க்ளீன் பண்ணது எங்கேருந்து?"

"சர்வர் ரூம்லேருந்து சார்."

சர்வர் அறையில் போன் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஆபீசர் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்கு இப்போது தோன்றுகிறது, அவருக்கும் கேட்க விருப்பம் இல்லை. தவறு என்னுடையது என்றால், ஒரு எலக்ட்ரீஷியனிடம் பெரிய பாஸ்வேர்டைக் கொடுத்தது யார் என்று மேனேஜர் அடுத்து அவரைக் கேட்பார். போனில் யெஸ் குடு என்றது யார் என்றும் வரும். தவறு அக்காவிடம் போய் நின்றால் எல்லோருக்கும் அங்கேயே முடிந்துவிடும்.

"நான் கேன்டீன்ல சாப்ட்டுகினு இருந்தேன் சார்" என்றார்கள் அக்கா. "என் கையால அழிக்கல. வூட்ல அவரு படுத்த படுக்கையா கீறாரு. இந்த வேலய விட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்ல சார். நான் ஏன் சார் என் ஸ்டோர்ஸையே அழிக்கப் போறேன்?"

"உங்க பேர்ல நடந்திருக்கும்மா. கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார் மேனேஜர். அவர் குரலும் உயரவில்லை. அந்த அறையில் யார் குரலுமே உயரவில்லை.

ராஜினாமா எழுதிக் கொடுத்தால் மரியாதையாக அனுப்புகிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தார்கள். கடைசி நாள் சாயங்காலம், பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, அக்கா சர்வர் அறை வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே வரவில்லை. செருப்போடு நின்றார்கள். அதற்கு முன் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை.

"என் பேர எடுத்துட்டியாடா?"

"இன்னும் இல்லக்கா. எடுக்கச் சொல்லிக்கீறாங்க."

"நான் இருக்கும்போதே எடுத்துடு. அப்புறம் அதுல எவன் என்ன பண்ணாலும் என் வூட்டு வாசல்ல வந்து நிப்பாங்க."

எடுத்தேன். அவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நிச்சயமா என்று கேட்டது. யெஸ் கொடுத்தேன். அக்கா என் பக்கம் திரும்பினார்கள்.

"அன்னிக்கு மதியம் டெஸ்பாட்ச் மேசையில யாரு உக்காந்திருந்தான்னு உனக்குத் தெரியுமாடா? நீதானே இங்கயே சுத்திகினு இருப்ப."

"தெரியாதுக்கா."

"சரி. தெரிஞ்சா சொல்லு."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார்கள். ஒயர் ஒன்றும் லூசாக இல்லை, சர்வர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்த ஏ.சி.யில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் எனக்குக் கன்ஃபர்மேஷன் வந்தது. சர்வரைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதற்காக ஆபீசர் எழுதிக் கொடுத்திருந்தார். கல்யாணம் நடந்தது. உங்கள் அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. அவளை ஒரு வார்த்தை கேட்காதீர்கள்.

இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கன்ஃபர்மேஷன் வந்த மறுநாள் காலையில், ஸ்டோர்ஸுக்கு வந்த புது ஆளையும் சேர்த்து ஆறு பேரும் சொந்தப் பெயரில் போட வேண்டும் என்று புதுச் சட்டம். யாரும் மிஷினைத் தொடவில்லை. டெஸ்பாட்ச் அண்ணன் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ வந்து ஒரு தட்டு தட்டிட்டுப் போயேன்."

"நான் எதுக்குண்ணா?"

"ஆபீஸே ஆடிப்போச்சி. உனக்கு மட்டும் பர்மனன்ட் ஆச்சி, கல்யாணமும் ஆவப்போவுது. உன் கைதாம்பா இப்ப ராசி."

அவர் கிண்டல் பண்ணவில்லை. முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே சொன்னார். போனேன். அவரவர் பெயரை அவரவர் தட்டிய பிறகு, கடைசி பொத்தானை மட்டும் நான் அழுத்த வேண்டும். டெஸ்பாட்ச் மேசையிலும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுத்தினேன். அந்தக் கம்பெனியில் இருந்த பதினோரு வருஷமும் தினம் காலையில் டீ வருவதற்கு முன்னால் ஆறு மேசையையும் சுற்றி வந்தேன்.

ஒரு தடவை, பெரியவள் பிறந்த பிறகு, சொல்லிவிடுவது என்று மணிமங்கலம் போனேன். கோயிலுக்குப் பின்னால் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்கள், "அவரு போய்ச் சேர்ந்துட்டாரே. அது வாலாஜாபாத்துல தங்கச்சி வூட்டோட கீது. அரிசி மில்லுல வேல." எதற்கு என்று கேட்டார்கள். பழைய கம்பெனி ஆள், சும்மா பார்க்க வந்தேன் என்றேன். வாலாஜாபாத் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறுகிறாயா என்று கேட்டான். ஏறவில்லை.

அதற்குப் பிறகும் வாலாஜாபாத் வழியாக எத்தனையோ தடவை காஞ்சிபுரம் போயிருக்கிறேன். அரிசி மில் எது என்று கேட்டதில்லை. இப்போது அவர்கள் இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது. இருந்தாலும், தெரிந்தால் சொல் என்று கேட்டவர்களிடம் இவ்வளவு வருஷம் கழித்துப் போய் என்ன சொல்வது? வேலை திரும்பி வராது. வீட்டுக்காரர் திரும்பி வரமாட்டார். எனக்குத்தான் கொஞ்சம் பாரம் குறையும். அதற்காக அவர்களை இன்னொரு தடவை பயன்படுத்த மனசு வரவில்லை.

இதனால்தான் உங்கள் நோட்டில் நான் எழுதுவதில்லை. ராசியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த மூடியை இறுக்கினவன் நான், எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் நோட்டை நீட்டுகிறபோது என் கை முன்னால் வருவதில்லை. அம்மாவிடமே கொடுங்கள்.